இருபது கிலோ இரும்பு

காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில் ஒன்று.
மாலை ஆறரைக்கு இன்னொன்று.
ரிலுசோல், ஐம்பது மில்லிகிராம்.
லெர்விக் ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கேட்டேன்:
எவ்வளவு தரும்?
சில மாதங்கள், என்றார்.
எந்த முனையில், என்றேன்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
துறைமுகத்தில் ஒருவன் படகைக் கழுவிக்கொண்டிருந்தான்.

முப்பத்தோரு வருடம் நான் எடை ஆய்வாளன்.
யெல், அன்ஸ்ட், ஃபெட்லர் என்று தீவு தீவாகப் போய்
மீன் ஏலக்கூடத்தில், கம்பளிக் கிடங்கில், தபால் ஆபீசில்
தராசுகளைக் குனிந்து பார்த்தவன்.
தட்டின் அடியில் ஒட்டிய ஈயத்தை
நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறேன்.
சர்ச் சந்தையில் ஜாம் விற்ற தராசையும் விட்டதில்லை.

இப்போது சமையலறை மேசையில்
ஓஸ்லா கடை பரப்பியிருக்கிறாள்:
வைட்டமின் ஈ, ஆரஞ்சுக் குப்பியில் கோ-என்சைம்,
தண்ணீரில் கரைய மறுக்கும் கிரியேட்டின் மாவு,
பெர்கனிலிருந்து அவள் தங்கை சோல்வா அனுப்பும்
மீனெண்ணெய். மீன் பிடிக்கும் தீவுக்கு.
லேபிள்களைப் படித்தேன்.
‘உதவக்கூடும்.’
இந்தச் சொல்லுக்கு எடைக்கல் கிடையாது.
‘ஒரு கிலோ இருக்கக்கூடும்’ என்று எந்தக் கடைக்காரனாவது
எழுதி ஒட்டியிருந்தால் அன்றைக்கே நோட்டீஸ்.

செவிலி ஹால்க்ரோ
நான் விழுங்குவதையெல்லாம் குறித்துக்கொண்டாள்.
மீனெண்ணெய் இருக்கட்டும், ஈயைக் குறையுங்கள்,
ஈரலுக்காக மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை.
முக்கியம், எடை இறங்கக் கூடாது.
வெண்ணெய், க்ரீம், முட்டை,
வெட்கப்படாமல் சாப்பிடுங்கள்.

தராசுக்கும் ஒரு நா உண்டு.
நடுவில் நின்றால் நியாயம்.
நடுங்கினால் காத்திருக்க வேண்டும்.
என் நா கண்ணாடியில் நடுங்குகிறது,
தோலுக்கடியில் புழு ஊர்வதுபோல்,
நான் சும்மா இருக்கும்போதும்.
எந்தத் தட்டில் யார் எதை வைக்கிறார்கள்?
அவள் பெயரின் நடுவெழுத்து உதிர்ந்துவிட்டது.
ஓலா, என்கிறேன்.
திரும்பிப் பார்க்கிறாள்.

குளியலறைத் தராசு சுருள்வில் வகை, மலிவானது.
ஞாயிறுதோறும் ஏற்றி நிறுத்தி
ஒரு நொடி கையை எடுப்பாள்.
எழுபத்தொன்று.
அடுத்த ஞாயிறும் எழுபத்தொன்று.
வெண்ணெய் வேலை செய்யுது, என்கிறாள்.
ஆனால் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை.
கைக்கடிகாரம் முழங்கை வரை போய் வருகிறது.

செவ்வாயன்று அவள் வெளியே போனபோது
என்னைக் குளிப்பாட்ட வரும் ரிமாஸிடம் காட்டினேன்.
அலமாரிக்கடியில் இரும்புக்கல், இருபது கிலோ,
தலையில் கிரீடமும் என் எண்ணும்.
ஓய்வுபெற்ற நாளில் தந்தார்கள்.
கைக்கொன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு
படகில் தாவியேறியவன் நான்.
விரலை வைத்துப் பார்த்தேன்.
குளிர் மட்டும் ஏறியது.
ரிமாஸ் தூக்கித் தராசில் வைத்தான்.

இருபத்து மூன்றரை.

அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு.
கடைக்காரர்கள் எல்லோரும் அறிந்த திருகு.
ஞாயிறு விடியுமுன், இருட்டில், அவள் விரல்
வாரத்துக்கு ஒரு மயிரிழை.

சரிசெய்யட்டுமா, என்றான் ரிமாஸ்.
வேண்டாம்.
கல்லை இருந்த இடத்திலேயே வை.

செவிலிக்கு மட்டும் மூன்றரையைக் கழித்து எழுதிக் கொடுத்தேன்.
மருந்துக்குக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும்.
படித்தாள், நான்காக மடித்தாள்,
வயிற்றில் குழாய் வைப்பது பற்றி
இந்த மாதமே பேசலாம் என்றாள்.

இன்று ஞாயிறு. ஒன்பது மணிக்குத்தான் வெளுக்கிறது.
எழுபத்தொன்று, என்கிறாள் ஓஸ்லா
முள்ளைப் பார்த்தபடி, முகம் நிமிராமல்.
முகம் நிமிராமல் எடை சொல்பவர்களை எனக்குத் தெரியும்.
முப்பத்தோரு வருடத்தில் ஒருமுறைகூடச் செய்யாததை,
ஒரு பொய்த் தராசுக்குத் தலையாட்டுவதை, செய்தேன்.

பிறகு மீனெண்ணெய்.
கரண்டி வழிய வழிய
அவள் அளக்காமல் ஊற்றினாள்.